அம்மணி வளர்த்த புழுக்கள்

அம்மணி.

ரேஷன் கார்டில் அவளுக்கு வேறு பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். கல்லறையில் எழுதியாகிவிட்டது, அது போதும். வீட்டில் நாங்கள் கூப்பிட்டது அம்மணி என்றுதான். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் பெண் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது ரோட்டில் யாராவது அம்மணி என்று சத்தம் கொடுத்தால் நான் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்த பிறகு அந்த ஆள் மேல் கோபம் வருகிறது. அவர் என்ன செய்வார் பாவம். அவர் வீட்டு அம்மணி உயிரோடு இருக்கிறாள்.

அவள் என் தங்கச்சி. வெள்ளகோவில் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தைத்து வரும் துணியை லைட்டுக்குக் கீழே விரித்துப் போட்டு, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே பிரிண்ட் நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. நான் எட்டாவதோடு நின்றவன். தேங்காய்க் களத்தில் தேங்காய் உடைத்துக் காயப்போடுகிறேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும். அப்பா தோட்டங்களில் மருந்து அடிப்பார். எங்கள் பக்கம் முருங்கை அதிகம். முருங்கை இருக்கிற இடத்தில் கம்பளிப்புழு இருக்கும். மரத்தில் கொத்துக்கொத்தாக அடை மாதிரி ஒட்டியிருக்கும். மேலே விழுந்தால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அதை ஒழிப்பதுதான் இத்தனை வருசமாக அப்பாவுக்குச் சோறு. சீசன் நேரத்தில் அவருடைய கழுத்தும் கையும் சிவந்து வீங்கியே இருக்கும். சொரிந்துகொண்டேதான் சாப்பிடுவார்.

அப்படிப்பட்ட மனுசன் வீட்டில்தான் அம்மணி புழு வளர்த்தாள்.

முதலில் பட்டாம்பூச்சியைப் பார்க்கிறதோடுதான் இருந்தாள். கம்பெனி வேனுக்கு நிற்கும்போது வேலியில் உட்கார்ந்திருக்கிறதை போனில் படம் பிடிப்பாள். பிறகு ஏதோ ஒரு குரூப்பில் சேர்ந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள் நடத்துகிற குரூப். படத்தைப் போட்டால் பெயர் சொல்வார்கள். பூ வைத்தால் பட்டாம்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும், அது முட்டை வைக்கிற செடியை வைத்தால்தான் உங்கள் வீட்டிலேயே பிறக்கும் என்று அங்கேதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது இவளைப் பிடித்துக்கொண்டது.

கொடுமுடியில் சித்தி வீட்டுக்குப் போனவள், வாய்க்கால் மேட்டிலிருந்து ஆடுதின்னாப்பாளைச் செடியை வேரோடு பிடுங்கி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை ஏற்கெனவே இருந்தது. வாசல் ஓரத்தில் எருக்கு தானாக முளைத்தது. அம்மா அதைப் பிடுங்கிப் போட்டது. இவள் எடுத்து மறுபடி நட்டாள்.

"வேற செடியே கெடைக்கலியா உனக்கு? எருக்கப் போயி ஊட்டு வாசல்ல வெக்கற. யாராச்சும் வெப்பாங்களா?"

"அதுதாம்மா அதுக்கு ஊடு. நம்ம ஊட்டுல அதுக்கொரு ஊடு இருந்துட்டுப் போகட்டும்."

"ஆமா, இருக்கறவங்களுக்கே எடமில்ல. இதுல வாடகைக்கு வேற ஆள் வெக்கறாளாமா."

அப்பாவிடம் மட்டும் இதையெல்லாம் சொல்லவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. செடி வைத்திருக்கிறாள், பட்டாம்பூச்சி பிடிக்கும், அந்த அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும். "அப்பாக்கிட்டச் சொல்லிப்போடாதீங்ணா. பாவம், அந்தக் கைய வெச்சுட்டு இருக்கறவருகிட்டப் போயி நான் புழு வளக்கறேன்னு எப்பிடிச் சொல்றது" என்றாள். மருந்து டேங்கை வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள். ஏன் அம்மணி என்று கேட்டதற்கு, நாத்தம் கொடலைப் புடுங்குதுங்கப்பா என்றாள். அன்றிலிருந்து அவர் டேங்கைத் தோட்டத்துக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வருவார். அவள் சொன்னால் மறு பேச்சு கிடையாது. நான் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் குந்திக்கொண்டிருந்தாள். அங்கே பருப்புக்கீரை படர்ந்து கிடக்கும். எருக்கில் முட்டை வைக்க வருகிற ஆரஞ்சு கலர் பட்டாம்பூச்சி ஒன்று கீரை மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் சாதாரணமாகப் பார்க்கிற பட்டாம்பூச்சிதான். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இங்க வாங்க. இது அது இல்ல."

"எது எது இல்ல?"

"பின் றெக்கையில நடுவுல மூணு கறுப்புப் புள்ளி இருக்கோணும். இதுக்கு ஓரத்துல ஒண்ணே ஒண்ணுதான். பிரிண்ட் மிஸ்ஸிங்."

"அப்ப ரிஜெக்ட் பீஸா?"

"ரிஜெக்ட் இல்லீங்ணா. வேற கம்பெனி பீஸு. நம்ம கம்பெனி லேபிள ஒட்டிட்டு வந்திருக்குது. இல்லீன்னா எருக்க உட்டுப்போட்டுக் கீரையில எதுக்கு முட்ட வெக்குது?"

குரூப்பில் படத்தைப் போட்டாள். ஒரு மேடம் குரல் பதிவிலேயே சந்தோசமாகப் பேசியிருந்தார்கள். அது வேறு இனம்தானாம். எங்கும் பார்க்கக் கிடைக்காதது இல்லை, ஆனால் வேசத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் எல்லோரும் விட்டுவிடுவார்களாம். எருக்குப் பால் குடித்து வளர்ந்த பட்டாம்பூச்சியைக் குருவி தின்னாது, கசக்கும், துப்பிவிடும். கசப்பே இல்லாத இந்தப் பெண் பூச்சி அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு தப்பித்துக்கொள்கிறதாம். இதன் ஆண் பூச்சிக்கு அந்த வேசம் கிடையாது. கன்னங்கறுப்பாக இருக்கும், றெக்கையில் வெள்ளை நிலா மாதிரி வட்டங்கள், அதைச் சுற்றி ஊதா மினுக்கம். அதை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை.

"முட்ட பொரிஞ்சு புழுவாகிக் கூடு கட்டுனா, அதுல ஒண்ணாச்சும் ஆணா இருக்குமில்லீங்ணா? நம்ம ஊட்டு நெலாவாட்ட" என்றாள்.

மறுநாளிலிருந்து அந்தக் கீரைக்குக் காவல். கீரை பறிக்கப் போன அம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தப் பாத்தியில மட்டும் கை வெச்சறாதீங்கம்மா."

"ஏனாம்?"

"புழு வரும்."

"வந்தா அலசிப்போட்டுக் கடையறது. என்னமோ இன்னைக்குத்தான் புழுவக் கண்டாப்புல."

"அது தின்னுட்டுப் போகட்டும்னு உட்டிருக்கறேன்மா."

"ஓஹோ. புழுவுக்கு ஊட்டுக் கீர, நமக்குச் சந்தக் கீர. நல்லாருக்குது நாயம். கட்டிக்கிட்டுப் போற ஊட்டுலயும் புழுவுக்குத்தான் ஆக்கிப் போடுவியாட்ட இருக்குது."

"அவருக்கும் ஆக்கிப் போடுவேன். புழு தின்னது போக மிச்சம்."

அம்மா சிரித்துவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா சிரித்தது அதுதான் கடைசி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த வாரமே காய்ச்சல். முதலில் வேலைக்குப் போனாள், ஆள் குறைவு என்று சொன்னதால். பிறகு படுத்துக்கொண்டாள். நிலவேம்புக் கசாயம், பப்பாளி இலைச் சாறு, அம்மா எதையும் விடவில்லை. டெங்கு என்று சொன்னார்கள். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது என்று ஈரோட்டுக்குக் கொண்டு போனோம். போகிற வழியில் வேனில் என் மடியில் தலை வைத்திருந்தாள். "கீரையப் பறிச்சறாம பாத்துக்குங்ணா" என்றாள். பெரிய பேச்செல்லாம் பேசவில்லை. கடைசியில் என்ன சொன்னாள் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். ஏசுவே என்று சொன்னாளா என்று உபதேசியார் கூடக் கேட்டார். கீரை என்று சொன்னாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

அடக்கத்துக்கு வந்த ஒரம்பரைகள் அவளைப் பார்த்து அழுதார்கள். அழுது முடித்ததும் வாசலைப் பார்த்தார்கள். அத்தைதான் ஆரம்பித்தது, அப்பாவுடைய தங்கச்சி.

"எருக்கு எங்கீங்க அண்ணி மொளைக்கும்? ஆளில்லாத ஊட்டுல மொளைக்கும். பாழாப் போன ஊட்டுல மொளைக்கும். நீங்க வாசல்ல வெச்சுத் தண்ணி ஊத்தி வளத்திருக்கறீங்க. வந்திருச்சில்ல?"

சர்ச் சாமியார் இருக்கும்போது இதைப் பேச மாட்டார்கள். அவர் போனதும் பேசுவார்கள். இன்னொருவர், செடி அடர்ந்து கிடந்தால் கொசு வராமல் என்ன செய்யும் என்றார். எங்கள் தெருவில் தண்ணீர் எப்போதோ ஒரு நாள் வருகிறது. எல்லா வீட்டிலும் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைத்திருக்கிறோம். கொசு அதில் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை. டிரம் அவர்கள் வீட்டிலும் இருக்கிறது, எருக்கு எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. செத்தவள் மேல் பழி போடுவது சுலபம். திருப்பிப் பேச மாட்டாள்.

அவர்கள் போன பிறகு அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுகை கூட இல்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பதற்குள் அப்பா எருக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"தள்ளுங்க. இதாலதான் போனா."

"எதால போனாளோ அது அந்த ஆண்டவனுக்குத் தெரியும். இது என்ற புள்ள தண்ணி ஊத்துன செடி. இதுல கை வெக்கறதுன்னா என்னத் தாண்டிப் போயி வெய்யி."

அம்மா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனது. அப்பா அப்படியே நின்றார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. தோட்டத்துக்காரர் திட்டினாலும் சரிங்க, ஆகட்டுங்க என்று சொல்லித்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவரைப் பார்த்து, இந்த வீட்டில் எனக்கு இன்னும் ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். எழுதும்போதே வெறுப்பாக இருக்கிறது.

களத்திலிருந்து வந்ததும் சட்டை கூடக் கழற்றாமல் கீரைப் பாத்திக்குப் போவேன். முட்டைகள் பொரிந்திருந்தன. முதலில் நூல் மாதிரி. பிறகு கறுப்பாக, உடம்பெல்லாம் கிளை கிளையாக முள் வைத்து, தலை மட்டும் செம்பழுப்பு. பார்க்கப் பயமாக இருக்கும், தொட்டால் ஒன்றும் செய்யாது. எருக்கில் வரி வரியாக மஞ்சளும் கறுப்பும் வெள்ளையும் போட்ட புழுக்கள் தின்று தீர்த்து, குச்சி தெரிய ஆரம்பித்துவிட்டது. பாளைச் செடியிலும் இருந்தன. சாப்பிட யாருக்கும் மனசு வராத வீட்டில் அவை மட்டும் விடாமல் தின்றுகொண்டிருந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. நிலா போட்ட பூச்சி ஒன்றாவது வரட்டும், அதைப் படம் பிடித்து அவள் போனிலிருந்தே அந்தக் குரூப்பில் போட வேண்டும் என்று இருந்தேன். அவள் செத்ததை அங்கே இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அதைப் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியதாக இல்லை.

ஒரு சாயங்காலம் சைக்கிளில் வருகிறேன். தெரு முனையில் திரும்பும்போதே அந்த நாற்றம் அடித்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த நாற்றம். அப்பாவின் சட்டை நாற்றம். ஆனால் இது சட்டையிலிருந்து வருகிற அளவு இல்லை.

துணி துவைக்கிற கல் மேல் டேங்க் இருந்தது. அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. நீ பாக்கவே இல்லியா? செடி பூராவும் புழு. எருக்குல எலையே இல்ல, குச்சிதான் நிக்குது. கீழ அந்தப் பாளையையும் அரிச்சுப்போட்டுது. கீரையில முள்ளு முள்ளா ஒண்ணு, பாத்தாலே ஒடம்பு அரிக்குது. நல்லவேள இன்னைக்குக் கண்ணுல பட்டுது. இன்னும் நாலு நாள் உட்டிருந்தா அம்மணி செடி ஒண்ணு மிஞ்சியிருக்காது."

"என்ன அடிச்சீங்க?"

"முருங்கைக்கு வாங்குனதுல கொஞ்சூண்டு மிச்சமிருந்துச்சு. தோட்டத்துக்காரர்கிட்டக் கேட்டு வாங்கியாந்தேன். நல்ல மருந்து. எலைக்கு அடியில எல்லாம் திருப்பித் திருப்பி அடிச்சிருக்கறேன். ஒண்ணு தப்பாது."

நான் கீரைப் பாத்தியைப் பார்த்தேன். பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்.

"பூவுல மட்டும் படாம அடிச்சேன்" என்றார். "பட்டாம்பூச்சி வருமில்ல. அம்மணிக்குப் புடிக்கும்."

அப்போதுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. "அந்தப் புழுதான் பட்டாம்பூச்சி. அவ செடியா வளத்தா? புழுவ வளத்தா. புழுவுக்காகத்தான் செடி வெச்சா. நீ கொன்னுபோட்ட. மிச்சமிருந்ததையும் கொன்னுபோட்ட." அவரை நான் நீ என்று பேசியதில்லை. எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். அன்றைக்கு வந்தது. தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

அப்பா ஈரக் கையைத் துடைக்கவே இல்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

"முருங்கப் புழு அந்துப்பூச்சியாகும். அது தெரியும்" என்றார். "எருக்குல இருக்கறது... எனக்கு யாரும் சொல்லலியே கண்ணு."

உள்ளே படுத்திருந்த அம்மா என் சத்தம் கேட்டு வெளியே வந்து பாத்தியைப் பார்த்தது. புழுக்கள் கீழே விழுந்து சுருண்டு, பச்சைத் தண்ணீர் கக்கிக் கிடந்தன. சில இன்னும் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தன. அம்மா பாத்திக்குப் பக்கத்தில் குந்தியது.

"நான் வெட்டியிருந்தாலாச்சும் ரெண்டு ஓடிப் பொழச்சிருக்கும்" என்றது. அப்பாவைப் பார்த்துச் சொன்னதா, தனக்குத்தானே சொன்னதா தெரியாது. அவர் காதில் அது விழுந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுபடி எல்லோரும் வந்தார்கள். அதற்குள் எருக்கு துளிர்விட்டு, இலை இலையாக, ஒரு ஓட்டை இல்லாமல் நின்றது. கீரையும் படர்ந்திருந்தது. அத்தை இலையை நீவிப் பார்த்து, "செடியெல்லாம் நல்லாத்தான் தளதளன்னு இருக்குது, போச்சாது இருந்துட்டுப் போகட்டும்" என்றது. பெரிய மனசு. சாமியார் பிரசங்கத்தில், ஆண்டவர் தோட்டத்தில் அழகான பூவைத்தான் முதலில் பறிப்பார் என்றார். எனக்கு எழுந்து வெளியே போக வேண்டும் போல் இருந்தது. அவள் பூ இல்லை. காலையில் வேனுக்கு நேரமாகிவிட்டது என்று தலையை வாரியும் வாராமலும் ஓடுகிறவள். அவளை எதற்குப் பறிக்க வேண்டும்?

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு வாசலில் ஏதோ பட்பட்டென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து எருக்கு மேல் வீசிக்கொண்டிருந்தார். புத்தி கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அந்த ஆரஞ்சுப் பூச்சியைப் பார்த்தேன். துளிரைத் தேடித் தேடி வந்து உட்காரப் பார்க்கிறது. அவர் விடாமல் விரட்டுகிறார். வேலி வரைக்கும் போய்த் திரும்பவும் வருகிறது.

அவரோடு பேசி நாளாகிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"குச்சியெல்லாம் மருந்து நிக்குது கண்ணு, துளிருக்கும் ஏறியிருக்கும். இப்ப முட்ட வெச்சா, பொரிஞ்சு மொத வாய் தின்னதும் செத்துப்போகும்." மூச்சு வாங்கியது. "தெரியாம வெக்க வருது."

"எத்தன நாளைக்கு நிக்கும்?"

"ஒரு நல்ல மழ பேஞ்சாக் கழுவிரும். இல்லீன்னா இப்படித்தான் தொரத்தோணும்."

சொல்லிவிட்டு மறுபடி துண்டை வீசினார். நான் போய் அவரோடு நின்று விரட்டியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். துண்டுச் சத்தம் இருட்டும் வரை கேட்டது. மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முருங்கைக்கு ஆள் கூப்பிட வந்தவரிடம், "இங்க வேல இருக்குதுங்க" என்றார்.

மழை இன்னும் வரவில்லை. அவரை மன்னித்துவிடு என்று அம்மா சொல்கிறது. முடியும்போது பார்த்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆண்டவர் சித்தம் என்றோ, எருக்கு வைத்திருக்கக் கூடாது என்றோ சொல்லாதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்கள் அம்மணிக்காக ஜெபம் பண்ணுங்கள். எங்கள் ஜெபம் தெரியாதவர்கள் உங்களுக்குத் தெரிந்த சாமியிடம், உங்களுக்குத் தெரிந்த மாதிரிச் சொல்லுங்கள். அவளுக்குச் சாகிற வயதில்லை. எல்லோரும் அவளுக்காக ஒரு தடவையாவது வேண்டிக்கொள்ளுங்கள்.